நடுநிலை என்றொரு கட்டம்

கொல்லிமலைப் பெண்களைப் பற்றி ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. பெரும்பாலும் வணிகவியல், வணிக மேலாண்மைத் துறைகளிலிருந்து. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்காரிகள். 'கொல்லிமலைப் பழங்குடிப் பெண்களிடையே மகளிர் சுய உதவிக் குழுக்களின் தாக்கம் - ஓர் ஆய்வு' என்பது போலத் தலைப்பு இருக்கும். மலையின் பெயரை மட்டும் மாற்றினால் கல்வராயன் மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் அப்படியே பொருந்தும். மாற்றித்தான் பொருத்துகிறார்கள்.

இந்த ஆய்வேடுகளால் இரண்டு பெண்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. ஒருத்தி, திண்ணையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவள். மற்றவள், வினாப்பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறிப் போய்க் கேட்கிறவள். முதலாமவளின் வாழ்க்கை நாற்பது கட்டங்களாக நறுக்கப்படுகிறது. இரண்டாமவளுக்கு, வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கேள்வி கேட்கக் கிடைத்த வாய்ப்பு, ஒரு கறுப்பு ரெக்சின் அட்டைக்குள் தைத்து மூடப்படுகிறது. இருவருக்கும் நடப்பது ஒரே காரியம்தான். இருவரிடமும் 'உனக்கு என்ன தெரியும்?' என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ் கற்பிக்கிறவளுக்கு வணிகவியல் ஆய்வேட்டில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. வினாப்பட்டியலும் ஆங்கிலத்தில் தயாராகிறது. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே ஒவ்வொரு ஆண்டும் பொங்கலுக்கு முன்னும் பின்னும், "அம்மா, இதைக் கொஞ்சம் தமிழ்ல மாத்திக் கொடுங்க" என்று நான்கைந்து மாணவிகள் தமிழ்த்துறை வாசலில் வந்து நிற்பார்கள். பதினைந்து ஆண்டுகளாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு துறையின் மனசாட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் வினாப்பட்டியலை மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் கம்பீரமாக நிற்கும் சொற்கள் தமிழுக்கு வந்ததும் அம்மணமாகிவிடும்.

'அதிகாரமளித்தல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அளித்தல் என்றால் அளிக்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். கையேந்துகிறவர் ஒருவர் இருக்க வேண்டும். யார் அளித்தார்கள், அவர்களிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வி அந்த நாற்பது கேள்விகளில் ஒருநாளும் இருந்ததில்லை. 'பயனாளி' என்றொரு சொல். வாங்கிய கடனை வட்டியோடு, தவணை தவறாமல் திருப்பிக் கட்டுகிறவளுக்கு அந்தப் பெயர். வங்கியில் கடன் வாங்கும் ஆலை முதலாளியை யாரும் பயனாளி என்று எழுதுவதில்லை, அவர் வாடிக்கையாளர்.

*

ஓர் ஆய்வேடு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது.

கடைசிப் பருவம் தொடங்கியதும் நெறியாளர்கள் ஒதுக்கப்படுகிறார்கள். மாணவி நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பதிவெண் வரிசைதான் தேர்ந்தெடுக்கிறது. தலைப்பை நெறியாளர் சொல்கிறார். போன ஆண்டுப் பிரதி ஒன்று கைமாறுகிறது. ஐந்து இயல்கள். முதல் இயல் அறிமுகம். இரண்டாம் இயல் முன்னாய்வுகள். முந்தைய ஆய்வேட்டில் இருந்தவை அப்படியே இடம்பெயரும். மூன்றாம் இயல் ஆய்வுக்களம். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி. ஒரு சுற்றுலாக் கையேட்டுக்கும் இந்த இயலுக்கும் வேறுபாடு காண்பது கடினம். நான்காம் இயலில் அட்டவணைகளும் கை-வர்க்கச் சோதனையும். ஐந்தாம் இயலில் 'கண்டறிந்தவை'. சுய உதவிக் குழுவில் சேர்ந்த பிறகு பெண்களின் தன்னம்பிக்கை உயர்ந்திருக்கிறது என்று கண்டறியப்படும். அது உயராமல் போன ஆய்வேட்டை நான் பார்த்ததில்லை.

பிறகு டி.டி.பி. சென்டர், பைண்டிங் கடை, தங்க எழுத்து. பத்து நிமிட வாய்மொழித் தேர்வு. தேர்வாளருக்குப் பொன்னாடை. மூன்று பிரதிகள்: ஒன்று துறைக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று வீட்டு அலமாரிக்கு. நான்காவதாக ஒரு பிரதி கொல்லிமலைக்குப் போனதாக இதுவரை எந்த மாணவியும் என்னிடம் சொன்னதில்லை.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குக் கொல்லிப்பாவையைத் தெரியும். அந்த மலையில் தெய்வம் செய்து வைத்த பெண்ணுரு என்று குறுந்தொகையும் நற்றிணையும் நினைவுகூர்கின்றன. பார்ப்பவரை மயக்கும், தலைவியின் அழகுக்கு உவமையாக நிற்கும். அந்தப் பாவை என்ன நினைத்தது, என்ன உண்டது என்ற பேச்சு எந்தப் பாட்டிலும் இல்லை. மலையில் வாழ்ந்த பெண்ணைக் காட்டிலும் மலையில் செய்து வைத்த பெண்ணே புலவர்களுக்கு வசதியாக இருந்தாள். இன்றைய ஆய்வேட்டின் 'பதிலாளர்' அந்தப் பாவையின் தங்கைதான். அக்காள் உவமையானாள், தங்கை விழுக்காடானாள்.

*

சரி, கொல்லிமலையில் வணிகம் இல்லையா? இருக்கிறது. மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி எல்லாம் அங்கிருந்து இறங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக மரவள்ளி. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்குப் போகிற கிழங்கு அது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தைக் கொண்டு 'பாயிண்ட்' கணக்கில் விலை பேசுகிறார்கள். ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கை விற்க 1981இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜவ்வரிசி விற்கிறவர்களுக்குச் சங்கம் உண்டு. கிழங்கு நட்டுக் களையெடுக்கும் பெண்ணுக்கு எடைபோடும் இடத்தில் நிற்கும் பழக்கம்கூட இல்லை. எடையும் பாயிண்டும் காசும் ஆண்கள் விவகாரம்.

மரவள்ளி வருவதற்கு முன்னால் அந்தச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் தினையும் வரகும் பனிவரகும் விளைந்தன. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று எத்தனையோ வகைகள். எந்த விதையை எந்தச் சரிவில் போடுவது, எதை எடுத்து வைப்பது என்ற அறிவு பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. அது சோறாக வீட்டுக்குள் வந்தது. மரவள்ளி ரூபாயாக வெளியே போய் ரூபாயாகத் திரும்பியது. பயிர் மாறியபோது, வீட்டுக்குள் யார் கை மேலே இருக்கிறது என்பதும் மாறியது. வணிகவியல் மாணவிக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் வேண்டுமா?

நல்ல கேள்வி என்ன செய்யும் என்பதற்கு அந்த மலையிலேயே சான்று இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களைப் பற்றி வேலை செய்துவருகிறது. சாமையை மக்கள் ஏன் கைவிடுகிறார்கள் என்று தேடியபோது மரவள்ளியின் காசும் ரேஷன் அரிசியும் மட்டும் காரணமாக வரவில்லை. சாமையின் உமி எளிதில் கழலாது. உரலில் இட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். அந்தக் கைவலி பெண்களுடையது. அதைக் காரணமாக எடுத்துக்கொண்டதால்தான் ஊருக்குள் சிறிய உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றைக் குழுக்களே நடத்தின. அந்த நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் தோள்வலியைப் பொருளாதாரக் காரணமாக எழுதியதைத்தான் சுட்டுகிறேன்.

2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரக் கடைகளில் சாமை பளபளக்கும் பொட்டலத்தில் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பொட்டலத்தின் விலையில், விதைத்த பெண்ணுக்கும் புடைத்த பெண்ணுக்கும் எத்தனை ரூபாய் போகிறது? வயலிலிருந்து கடைவரை ஒரு பொட்டலத்தைப் பின்தொடர்ந்து போய், ஒவ்வொரு கையிலும் எவ்வளவு சேர்கிறது என்று எழுதினால் அது ஒரு முதுகலை மாணவி ஆறு மாதத்தில் முடிக்கக்கூடிய ஆய்வேடு. கை-வர்க்கம் தேவையில்லை. பேருந்துக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் துணிச்சலும் போதும். என் கைக்கு வந்த வினாப்பட்டியல்களில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

வந்ததெல்லாம் சுய உதவிக் குழுதான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம் அது. 1990களின் தொடக்கத்தில் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல் தனி மாவட்டமான 1997இல்தான் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தது. அதாவது 'குழுவில் சேர்ந்த பின் உங்கள் வாழ்க்கைத்தரம் உயர்ந்துள்ளதா?' என்ற கேள்வியைப் பாட்டியிடம் கேட்டார்கள், மகளிடம் கேட்டார்கள், இப்போது பேத்தியிடம் கேட்கிறார்கள். கேட்கிறவளும் ஒரு குழுக்காரியின் மகள்தான்.

*

அப்படியொரு மாணவி என்னிடம் வந்தாள். மலையாளிப் பழங்குடிப் பெண். அந்த மலையின் நாடுகளில் ஒன்றைச் சேர்ந்தவள். சொந்த ஊரிலேயே களஆய்வு. நிரப்பிய வினாப்பட்டியல் ஒன்றைக் காட்டி, "அம்மா, இதுக்கு எதுல டிக் போடறதுன்னே தெரியல" என்றாள்.

கேள்வி இதுதான்: 'கடன் பெற்ற பின் குடும்ப முடிவுகளில் எனது பங்கு அதிகரித்துள்ளது.' முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை என்று ஐந்து கட்டங்கள்.

அவள் பெரியம்மா சொன்ன பதிலை அப்படியே சொன்னாள். கடன் பெரியம்மா பெயரில். பணம் பெரியப்பாவின் வண்டிக்குப் போனது. தவணையைப் பெரியம்மா மிளகு பறிக்கப் போய்க் கட்டுகிறார். ஆனால், கட்டுகிற சாக்கில் மாதத்துக்கு ஒருமுறை செம்மேட்டுக்குத் தனியாகப் போகிறார். முன்பு போனதில்லை. வங்கியில் கையெழுத்துப் போடுகிறார். போன மாதம் பெரியப்பா கை ஓங்கியபோது, "குழுவுல சொல்லிருவேன்" என்றாராம். ஓங்கிய கை இறங்கிவிட்டதாம். சொல்லி முடித்துவிட்டு, "கண்ணு, இதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?" என்று கேட்டாராம்.

மாணவி நெறியாளரிடம் கேட்டாள். "நடுநிலைன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா" என்று பதில் வந்தது.

நடுநிலை! கடன் சுமையும் புதுச் சுதந்திரமும் அடிக்குப் பயப்படாத ஒரு சொல்லும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கும் ஒரு வாழ்க்கை, உடன்பாட்டுக்கும் மறுப்புக்கும் நடுவிலுள்ள ஒன்றுமில்லாத கட்டத்தில் போய் விழுந்தது. எண் மூன்று. கணினி அதைக் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டது.

இது ஏதோ உணர்ச்சிவசப்பட்ட தமிழாசிரியையின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு: பெயரில் கடன் இருப்பது வேறு, கடன்மீது பிடி இருப்பது வேறு என்பதை ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் 1996இலேயே வங்காளதேசத்தில் ஆய்ந்து எழுதிவிட்டார்கள். பெண்கள் வாங்கிய கடனில் கணிசமான பகுதி ஆண் உறவினர்களின் பிடியில் இருந்தது என்று காட்டினார்கள். சோறாக்குவதும் தண்ணீர் சுமப்பதும் ஏன் நாட்டுக் கணக்கில் வருவதில்லை என்று நியூசிலாந்தின் மர்லின் வேரிங் 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். இவையெல்லாம் வணிகப் படிப்புக்கு அந்நியமான விஷயங்கள் அல்ல. கணக்கு என்றால் என்ன, யார் கணக்கு என்பதுதான் வணிகவியலின் அடிப்படைக் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வினாப்பட்டியலில் 'சொத்து' என்றொரு பகுதி வரும். வீடு உண்டா, நிலம் உண்டா, நகை உண்டா? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 2(2), மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, அந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. சமவெளியில் ஒரு மகள் சட்டத்தைக் காட்டிக் கேட்கக்கூடிய பங்கை மலைமேல் ஒரு மகள் அதே சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. இதை மாற்றுவதைப் பற்றி மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் 'நிலம் உண்டா - ஆம் / இல்லை' என்ற கேள்வி எத்தனை பெரிய கதவைத் திறந்திருக்கும்! அந்த மாணவிக்கு, அவள் வாழ்க்கையையே கட்டிப்போடும் சட்டத்தை, ஐந்தாண்டு வணிகப் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. வணிகச் சட்டம் என்ற தாளில் அவள் தேர்ச்சி பெற்றிருக்கிறாள்.

*

இனி ஆய்வேடு எழுதுகிறவளுக்கு வருகிறேன்.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடங்கள். ஆய்வேட்டுப் பருவத்தில் மாணவிகள் இந்தக் கணக்கிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. தம்பிக்கு டிபன் கட்டிவிட்டுத்தான் தரவு சேகரிக்கப் போக வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். மலைப்பேருந்தில் தனியாகப் போகக்கூடாது. அண்ணனோ அப்பாவோ கூட வர வேண்டும். அவருக்கு நேரமிருக்கும் நாளில்தான் களஆய்வு. அப்பா பக்கத்தில் நிற்கும்போது இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் 'உங்கள் கணவர் உங்கள் பணத்தை எடுத்துக்கொள்கிறாரா?' என்று எப்படிக் கேட்பாள்? பாதி வினாப்பட்டியல்கள் விடுதி அறையில் உட்கார்ந்து நிரப்பப்படுகின்றன என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பிள்ளைகள் சோம்பேறிகள் என்கிறார்கள். வெளியே போக விடாதவர்கள் யார் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அடுத்தது நெறியாளர். 'கைடு' என்ற சொல்லை நாம் தெய்வத்துக்கு நிகராக வைத்திருக்கிறோம். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு இல்லை. அந்தக் கையெழுத்துக்காக வீட்டு விசேஷத்தில் பரிமாறியவர்கள், அவர் கட்டுரைக்குத் தட்டச்சு செய்தவர்கள், இரவு பத்து மணிக் குறுஞ்செய்திக்குப் பதில் போட்டவர்கள் எல்லோரையும் நாம் அறிவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் கொண்டுவந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகள் மாணவிகளையும் காக்கின்றன. மாணவி தொடர்பான புகாரை விசாரிக்கும்போது உள்ளகக் குழுவில் மாணவப் பிரதிநிதிகள் மூவர் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்த மூவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். புகார் எழுதுவதற்கும் ஆய்வேட்டில் கையெழுத்து வாங்குவதற்கும் நடுவே ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, 'ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்று கேட்பது அயோக்கியத்தனம்.

நெறியாளர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. பதினைந்து இருபது பிள்ளைகளை ஒருவர் தலையில் கட்டினால் யாருக்கும் நெறிப்படுத்த நேரமிருக்காது. பல துறைகளில் அந்த வேலையைச் செய்வது கௌரவ விரிவுரையாளர்களான பெண்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர்கள். முனைவர் பட்டத்துக்கு உதவிப் பேராசிரியர் நால்வரையும் இணைப் பேராசிரியர் அறுவரையும் பேராசிரியர் எண்மரையும்தான் நெறிப்படுத்தலாம் என்று வரம்பு இருக்கிறது. முதுகலை மாணவிக்கு அப்படியொரு வரம்பை யாரும் கேட்பதில்லை. அவளுடையது 'வெறும் ப்ராஜெக்ட்'.

'வெறும்' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். பெரும்பாலான பெண்களுக்கு அதற்குப் பிறகு இன்னோர் ஆய்வேடு கிடையாது. பட்டமளிப்புக்கு முன்பே பத்திரிகை அடித்துவிடுவார்கள். அடுத்த படி இருந்த இடத்தையும் எடுத்தாயிற்று. முனைவர் பட்டத்துக்கான 2022ஆம் ஆண்டு விதிகளின் மூலம் எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டது. தரமில்லாத பட்டம் என்றார்கள். இருக்கலாம். ஆனால், எம்.ஃபில். படித்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். முனைவர் பட்டத்தில் ஆண்களே அதிகம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று வீட்டில் பேரம் பேசி வாங்கக்கூடிய அனுமதியின் அளவுக்கு அந்தப் பட்டம் பொருந்தியது. மூன்று முதல் ஆறு ஆண்டு என்ற பேரத்துக்கு எத்தனை வீடுகள் இணங்கும்? அதே விதிகள், திருமணத்தால் பெண் இடம்பெயர நேர்ந்தால் அவள் ஆய்வுத் தரவுகளை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்று சலுகை தருகின்றன. கூடுதலாக இரண்டாண்டு அவகாசமும் 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. நல்லவைதான். பெண் ஆய்வாளரைத் திருமணத்தோடும் பிள்ளையோடும் மட்டும் சேர்த்து நினைக்கத் தெரிந்த ஒரு கருணை அது.

தேசியக் கல்விக் கொள்கை இதற்கு மாற்றாக நான்காண்டு இளங்கலையைக் காட்டுகிறது. நான்காம் ஆண்டில் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்', அதில் ஓர் ஆய்வேடு. யாருக்கு? முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் எடுத்தவர்களுக்கு. மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கி, ஆங்கிலத்தில் திக்கித் திக்கி முதல் இரண்டு பருவங்களைக் கடக்கும் பெண், 75ஐ எட்டாமல் போனால் கேள்வி கேட்கும் தகுதி இல்லாதவளா? ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்லா வாசல்களும் வெளியே போவதற்கு. பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் தேடும் வீடுகளில், அந்த வாசல் வழியாக முதலில் அனுப்பப்படுகிறவள் மகள். தமிழ்நாட்டு அரசு இந்தக் கொள்கையை எதிர்க்கிறது, நானும் எதிர்க்கிறேன். ஆனால், எதிர்ப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரிக்குள் அவளைக் கொண்டுவந்து சேர்த்த மாநிலம், அங்கே அவளுக்கு என்ன கேள்வி கேட்கக் கற்றுத் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

*

மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். 'பட்டதாரிப் பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' எதிர்பார்க்கலாம். சந்தையில் பேரம் பேசும் அம்மாவோடு பத்து வயதிலிருந்து நின்ற பெண்ணுக்கு விலை எப்படி உருவாகிறது என்று தெரியும். அந்த அறிவை இயல் ஒன்றில் எழுத அனுமதி கொடுங்கள், போதும்.

'எண்கள் இல்லாவிட்டால் அது அறிவியல் ஆகுமா?' எண்களை யாரும் துரத்தவில்லை. 299 நிமிடம் என்று இந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். எண்ண வேண்டியதை எண்ணுங்கள் என்கிறேன். தன்னம்பிக்கையை ஐந்தால் பெருக்காதீர்கள். உரல் முன்னால் கழிந்த மணிகளை எண்ணுங்கள்.

'தமிழில் எழுதினால் வேலை கிடைக்குமா?' தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இலிருந்து இருக்கிறது. தமிழ் வழியில் பி.காம். படித்த பெண், தன் பெரியம்மாவிடம் தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுத டி.டி.பி. சென்டர்காரரிடம் போய் நிற்கிறாள். அவள் ஆய்வேட்டை அவளே படிக்க முடியாது, பெரியம்மாவாலும் முடியாது. இரண்டு பேருக்கும் புரியாத மொழியில் எழுதப்பட்டது யாருக்காக?

ஆகவே நான் கேட்பவை இவை. வணிகவியல் ஆய்வேட்டைத் தமிழில் எழுத விரும்பும் மாணவிக்கு அந்த உரிமை, மதிப்பெண் குறையாமல். ஒரு நெறியாளருக்கு ஐந்து மாணவர்களுக்கு மேல் கூடாது. தலைப்பை மாணவி சொல்ல வேண்டும். நெறியாளர் திருத்தலாம், திணிக்கக் கூடாது. களஆய்வுக்குப் பேருந்துக் கட்டணமும், இருவர் இருவராகப் போய்த் தங்கிவர ஏற்பாடும் கல்லூரியின் பொறுப்பு. வீட்டின் தயவு அல்ல. நெறியாளரை மாற்றக் கேட்கும் மாணவியிடம் காரணம் கேட்டு நச்சரிக்காமல் மாற்றித் தர ஒரு வழி. கடைசியாக, ஆய்வேட்டின் பத்துப் பக்கச் சுருக்கம் தமிழில் எழுதப்பட்டு, பதில் சொன்ன பெண்களின் குழுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வு அங்கேயும் ஒருமுறை நடக்கட்டும். பொன்னாடை தேவையில்லை. 'நான் சொன்னது இது இல்லையே கண்ணு' என்று ஒரு பெண் எழுந்து சொன்னால், அதையும் பின்னிணைப்பில் சேர்த்து பைண்டிங் போடட்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வேட்டை முடியுங்கள். இந்த அமைப்பு சரியில்லை என்பதற்காகப் பாதியில் விடாதீர்கள். விடுபட்ட பெண்களின் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதால் அமைப்புக்கு ஒரு நட்டமும் இல்லை. நாற்பது கேள்விகளை அவர்கள் கொடுத்தால், நாற்பத்தொன்றாவதை நீங்கள் சேருங்கள். கட்டம் போடாதீர்கள். நான்கு வெற்றுக் கோடுகள் விடுங்கள். எதிரே இருப்பவள் சொல்வதை, அவள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். நடுநிலை என்று போடச் சொன்னால், முடியாது என்று சொல்ல உங்களிடம் அப்போது சான்று இருக்கும்.